ஆடி மாசத்து அதிரசம்

அந்தப் பை மேல மட்டும் காலை வெச்சுடாதீங்கம்மா. இல்ல இல்ல, நீங்க வெக்கல. வெச்சுடுவீங்களோன்னு சொன்னேன். மடியில வெச்சா சேலையில எண்ணெய் இறங்குது, கீழ வெச்சா போறவங்க வர்றவங்க மிதிக்கறாங்க. இப்படிக் கொஞ்சம் ஜன்னல் பக்கமா நகர்ந்துக்கங்க. ஆங், போதும். காஞ்சிபுரம்தானே? நானும் அங்கதான். பிள்ளையார்பாளையம். என் மருமக அவங்க அம்மா வீட்ல இருக்கா. முழுகாம இருக்கா, அஞ்சு மாசம். பாத்துட்டு வரலாம்னு போறேன்.

வாசனை வருதில்ல? வரும். எத்தனை கவர் போட்டுக் கட்டினாலும் வரும். அதிரசம். வீட்ல செஞ்சதான்னு கேக்கப் போறீங்க. கேளுங்க, பரவால்ல. கடையில வாங்கினதும்மா. என் வாயால இதைச் சொல்ல வேண்டி வந்துடுச்சு பாருங்க. எங்க தெரு ஆளுங்க யாராவது இந்த பஸ்ல இருந்திருந்தா இந்நேரம் ஆரணி முழுக்க போன் போயிருக்கும். சம்பூர்ணமே கடையில அதிரசம் வாங்கிட்டுப் போறா, அதுவும் ஆவணி மாசத்துல, அதுவும் எதிர் வீட்டுக்காரி கடையிலன்னு.

நீங்க எந்த ஊரு? போளூரா? அப்ப சொல்லலாம்.

எங்க பக்கம் கௌரி நோன்பு உண்டும்மா. உங்க வீட்ல உண்டா? இல்லையா, சரி. தீபாவளி அமாவாசைக்கு எடுக்கறது. புது முறத்துல வெத்தலை பாக்கு, வாழைப்பழம், மஞ்சக் கயிறு, அதிரசம் எல்லாம் வெச்சுக் கோயிலுக்கு எடுத்துட்டுப் போயிப் படைச்சு, கயிறு கட்டிக்கிட்டு வந்து அப்புறம்தான் அதிரசத்தை வாயில வெக்கணும். அதுவரைக்கும் ருசி பாக்கக் கூடாது. சுடும்போது ஒரு துணுக்கு உடைஞ்சு விழுந்தாக்கூட எடுத்து நாக்குல வெக்கக் கூடாது. ருசி பாக்காமயே ருசியா செய்யணும். அதுலதான் சூட்சுமமே இருக்கு.

அதிரசத்துல எல்லாமே பாகுதான். மாவு யார் வேணா அரைக்கலாம், மெஷின்ல குடுத்தா அரைச்சுக் குடுத்துடுவான். பாகு அப்படி இல்ல. கொஞ்சம் முந்தி இறக்கினா எண்ணெயில போட்டதும் பிரிஞ்சு போகும். கொஞ்சம் பிந்திட்டா கல்லு. எங்க தெருவுல பாகு பதம் பாக்கறது நான்தான். நானா சொல்லிக்கல, தெருவே சொல்லும். ஐப்பசி பொறந்துட்டா நான் என் வீட்ல இருக்க மாட்டேன். "சம்பூர்ணக்கா, பாகு வெச்சாச்சு, வாங்க"ன்னு ஒரு வீட்ல இருந்து ஆள் வரும். போயி, ஒரு தட்டுல தண்ணி ஊத்தி, ஒரு சொட்டு பாகை விட்டு, விரலால உருட்டிப் பாத்து, "இறக்கு"ம்பேன். நான் இறக்குன்னு சொல்ற வரைக்கும் அந்த வீட்ல ஒருத்தரும் வாயைத் தொறக்க மாட்டாங்க. அதுக்குள்ள அடுத்த வீட்டுக்காரி வாசல்ல வந்து நிப்பா, "அக்கா, எங்க வீட்ல கொதி வந்துடுச்சு, சீக்கிரம் வாங்க"ன்னு. மாமியாரும் மருமகளும் பேசிக்காத வீடா இருக்கும். ரெண்டு பேரும் பக்கத்துல பக்கத்துல நின்னு என் விரலையே பாத்துக்கிட்டு இருப்பாங்க. தாசில்தார் சம்சாரமே நின்னிருக்காங்கம்மா.

மத்த நாள்ல என்னை யாரு தேடறாங்க சொல்லுங்க. எங்க வீட்டுக்காரர் தறி உண்டு, பேப்பர் உண்டுன்னு இருப்பாரு. பையன் சென்னையில கம்பெனி வேலை, சனிக்கிழமை வந்தா திங்கக்கிழமை கிளம்பிடுவான். அந்த ஒரு வாரம்தான்மா எனக்கு. வருஷத்துல அந்த ஒரு வாரம்தான்.

அதுல கை வெச்சுட்டா அந்த வளர்மதி.

எங்க எதிர் வீடு. அவ கல்யாணமாகி வந்த புதுசுல மொத தீபாவளிக்கு அதிரசம் போட்டா, எல்லாம் எண்ணெயில கரைஞ்சு போச்சு. அடுப்பங்கரையில உக்காந்து ஓன்னு அழுதுக்கிட்டு இருந்தா. அவ மாமியார் ஒரு பக்கம் கத்தறா. நான்தான் போயி, "அழாதடி, இதுக்கு வைத்தியம் இருக்கு"ன்னு, மீதி மாவுல கொஞ்சம் அரிசி மாவைத் தூவிப் பிசைஞ்சு, வாழை இலையில தட்டிப் போட்டுக் காட்டினேன். தெருவுல மத்தவங்களுக்கு "இறக்கு"ன்னு மட்டும்தான் சொல்வேன். ஏன் இறக்கணும்னு சொன்னது இவ ஒருத்திக்குத்தான். என் விரலைப் பிடிச்சுப் பாகுல வெச்சுப் பாத்தவ அவ. அப்ப எனக்கு அவ மேல அம்மாம் பாசம்.

ரெண்டு வருஷத்துக்கு முன்ன அவ வீட்டுக்காரர் வண்டியில இருந்து விழுந்துட்டாரு. கால்ல கம்பி வெச்சிருக்காங்க. காலால மிதிச்சாத்தானே தறி ஓடும்? ஓடல. அதனால இந்தத் தைப் பொங்கலுக்கு அப்புறம் முன் ரூமைத் தொறந்து கடை வெச்சா. ரேணுகாம்பாள் பலகாரக் கடைன்னு. சரி, வை. வேணாம்னா சொன்னோம்? முறுக்கு போடு, தட்டை போடு, காராச்சேவு போடு. நானே போயி முறுக்கு வாங்கியிருக்கேன். நல்லாத்தான் இருந்தது. அதுக்கெல்லாம் நான் வாயே தொறக்கல, தெரியுமா?

ஆடி பொறந்த அன்னிக்கு நான் வாசல் தெளிச்சிட்டு நிமிர்றேன், எதிர்ல சிலேட்டுல சாக்பீஸ்ல எழுதி மாட்டியிருக்கு. சுடச்சுட அதிரசம். எனக்கு ஒண்ணும் புரியல. யாரோ தப்பா எழுதிட்டாங்க போலன்னு நெனச்சேன். சத்தியமா அப்படித்தான் நெனச்சேன். வாளியைக் கீழ வெச்சுட்டு நேரா போனேன். "வளர்மதி, அதிரசம்னு எழுதியிருக்கு பாரு, அழிச்சுடு, நாலு பேர் சிரிக்கப் போறாங்க"ன்னேன்.

"இல்லக்கா, போட்டிருக்கேன். வர்றவங்க எல்லாம் கேக்கறாங்க"ங்கறா.

"ஆடி மாசத்துலயா?"

"ஆடியோ ஆவணியோ, இனிமே எப்பவும் போடலாம்னு இருக்கேன்க்கா. நாக்கு கேக்கும்போது சாப்பிடறதுதானே."

நாக்கு கேக்கும்போதாம். காலம்னு ஒண்ணு இருக்கா இல்லையாம்மா? நீங்களே சொல்லுங்க. இப்ப எல்லாக் கடையிலயும் இப்படித்தான் பண்றாங்க, அவளை மட்டும் சொல்லல. கார்த்திகைக்குப் பிடிக்கற பொரி உருண்டையை ஆனியிலயே கவர் போட்டுத் தொங்க விடறான். கிறிஸ்துமஸ் கேக்கு ஐப்பசியிலயே கண்ணாடிப் பெட்டியில ஏறி உக்காந்துக்குது. பிள்ளையார் சதுர்த்திக் கொழுக்கட்டையை ஓட்டல்ல சாயங்காலம் டிபன்ங்கறான். பொங்கக் கரும்பு ஒண்ணுதான் பாக்கி. அதுவும் அது வளர்றதுக்கு நாளாகறதால தப்பிச்சுது. எல்லாம் எப்பவும் கிடைச்சா அப்புறம் பண்டிகை எதுக்கு? அன்னிக்கு எதைச் சாப்பிடுவ?

எனக்குப் பொறாமைன்னு தெருவுல பேசிக்கறாங்க. பொறாமையா? எனக்கா? நான் என்ன கடையா வெச்சிருக்கேன்? அவ கடைக்கு யார் வர்றாங்க போறாங்கன்னு பாக்கறதுக்கு எனக்கு நேரம் ஏது? காலையில பால்காரர் ஒருத்தர், பத்து மணிக்கு ஸ்கூல் டீச்சருங்க ரெண்டு பேர், மத்தியானம் பேங்க்ல இருந்து ஒரு பையன் பெரிய பொட்டலமா வாங்குவான், சாயங்காலம் ஆச்சுன்னா மாரியம்மன் கோயில் முக்கு வரைக்கும் கூட்டம் நிக்கும். நான் எங்கம்மா இதையெல்லாம் பாத்தேன்?

இதுக்கு நடுவுல என் மருமக. சுபாஷினின்னு பேரு, சுபான்னு கூப்பிடறது. தங்கமான பொண்ணு. குறை சொல்லக் கூடாது. மசக்கை அவளுக்கு ரொம்பப் படுத்துச்சு. தண்ணி குடிச்சாலும் வாந்தி. ஒரு நாள் மெதுவா வந்து, "அத்தை, அதிரசம் சாப்பிடணும் போல இருக்கு"ன்னா. எதிர்ல இருந்து வாசனை வருதில்ல, அதான். நான் சொன்னேன், "தீபாவளி வரட்டும் கண்ணு, அத்தை உனக்குன்னு தனியா சுட்டுத் தர்றேன்"னு. அவ சரின்னு தலையை ஆட்டிட்டுப் போயிட்டா. நானும் சரியாப் போச்சுன்னு நெனச்சேன்.

எங்க வீட்டுக்காரர்தான் பேப்பரை மடக்கி வெச்சுட்டு, "மசக்கைக்காரி கேட்டதைக் குடுக்காட்டிப் பொறக்கற பிள்ளைக்குக் காதுல சீழ் வடியும்"னாரு. வாயே தொறக்காத மனுஷன், இதுக்கு மட்டும் தொறக்கறாரு.

"அப்ப நான் ஆடியில அதிரசம் சுடணுமா?"ன்னேன்.

"நீ சுட வேணாம். எதிர்லதான் இருக்கே"ன்னாரு.

அன்னிக்கு முழுக்க அவருக்குச் சோத்துல உப்பு போடல நான்.

ஆடி மூணாம் ஞாயிறு மாரியம்மனுக்குக் கூழு ஊத்தினாங்க. தெரு முழுக்கக் கூடியிருக்கு. நாங்க எல்லாம் தூக்குல கூழு, முருங்கைக் கீரை, கருவாட்டுக் குழம்புன்னு கொண்டு போயிருக்கோம். வளர்மதி என்ன பண்றா, ஒரு கூடை நிறைய அதிரசத்தைத் தூக்கிட்டு வர்றா. அம்மனுக்கு வேண்டுதலாம், அவ வீட்டுக்காரர் கோல் இல்லாம நாலடி நடந்துட்டாராம். அதுக்கு அதிரசமா? கூழுக்கும் அதிரசத்துக்கும் என்ன சம்பந்தம்? ஆனா ஜனங்க பாருங்க, கூழை ஒரு கையில, அதிரசத்தை ஒரு கையில வெச்சுக்கிட்டு, "ஆகா, மெத்துன்னு இருக்கு வளர்மதி, சம்பூர்ணக்கா கூட இப்படிப் போட்டதில்ல"ங்கறாங்க. என் காது கேக்கவே சொல்றாங்க. சொன்னவ யாரு தெரியுமா? போன தீபாவளிக்கு மூணு தடவை என்னைக் கூட்டிட்டுப் போயி பாகு பதம் பாக்க வெச்சவ.

கையில இருந்த தூக்கைக் கீழ வெச்சேன். எந்திரிச்சு நின்னு, எல்லாருக்கும் கேக்கற மாதிரி சொன்னேன். "கௌரி நோன்புக்கு முன்னாடி என் வாயில அதிரசம் படாது. நான் மட்டுமில்ல, என் வீட்ல ஒருத்தரும் தொட மாட்டாங்க. இது அம்மன் மேல சத்தியம்."

சொல்லிட்டுத் திரும்பறேன். எனக்குப் பின்னாடி வேப்ப மரத்தடியில என் மருமக உக்காந்திருக்கா. வாயி நிறைய அதிரசம். கையில ஒண்ணு. வளர்மதி பக்கத்துல குனிஞ்சு நின்னு, "மெதுவா சாப்பிடு கண்ணு, தண்ணி வேணுமா?"ங்கறா. சுபா முகத்துல அப்படி ஒரு வெளிச்சம். அந்தப் பொண்ணு எங்க வீட்டுக்கு வந்ததுல இருந்து என்னைப் பாத்து அப்படி ஒரு தடவை முகம் மலர்ந்ததில்லம்மா. அன்னிக்கு அவளுக்கு வாந்தியும் வரல. அதைச் சொல்லியாகணும்.

நல்லவேளை, சத்தியத்துல மசக்கைக்காரிங்க சேர்த்தி இல்ல. நானே அப்படித் தீத்துக்கிட்டேன்.

ஆனா எங்க வீட்டுக்காரர் மசக்கைக்காரர் இல்லையே? மறுவாரம் துணி தொவைக்க எடுக்கறேன், அவர் சட்டைப் பையில வட்டமா எண்ணெய்க் கறை. மோந்து பாத்தேன். சுக்கு, ஏலக்காய். "இது என்ன?"ன்னேன். "தறிக்கு எண்ணெய் விட்டேன்"ங்கறாரு. ஏலக்காய் எண்ணெய் விட்டாத்தான் தறி ஓடுமான்னு கேட்டேன். மனுஷன் பேப்பருக்குள்ள போனவர் வெளியவே வரல. ஆக, என் வீட்லயே நான் ஒருத்திதான் அதிரசம் சாப்பிடாதவ. இன்னிக்கு வரைக்கும் அவ அதிரசம் எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியாதும்மா. ஊரே தின்னுடுச்சு. நான் மோந்துதான் பாத்திருக்கேன்.

இதையெல்லாம் கூட விட்டுடுவேன். ஆவணி பொறந்ததும் தெருவுல ஒவ்வொருத்தியா ஆரம்பிச்சா. "அக்கா, இந்தத் தடவை நோன்புக்கே வளர்மதிகிட்ட சொல்லிட்டோம். யாரு மாவு இடிச்சு, பாகு காய்ச்சின்னு கஷ்டப்படறது?" நோன்புக்கே! படையல் அதிரசமே கடையில இருந்து! இது அடுக்குமான்னு குருக்கள்கிட்டயே போயிக் கேட்டேன். "எங்க செஞ்சா என்னம்மா, பக்தியா படைச்சாச் சரி"ன்னுட்டாரு. அவர் பேசும்போதே சுக்கு வாசனை அடிக்குது. நான் விபூதியை வாங்கிட்டு வந்துட்டேன்.

அப்ப ஐப்பசியில என்னை யாரு கூப்பிடுவாங்க? தட்டுல தண்ணி வெச்சுக்கிட்டு நான் யாருக்காக உக்காந்திருக்கணும்? ராத்திரி படுத்தா இதே நெனப்பு. எதிர் வீட்டு லைட்டு எரிஞ்சா தூக்கம் வரல, அணைச்சாலும் வரல.

சரி, ஒரு காரியம் பண்ணலாம்னு முடிவு பண்ணேன். என் மருமகளுக்கு என் கையால சுட்டுக் குடுத்துட்டா, அப்புறம் அவ எதிர்ப் பக்கம் திரும்பியே பாக்க மாட்டா. யாருக்கும் தெரிய வேணாம். மசக்கைக்காரிக்காகச் செஞ்சா தெய்வக் குத்தம் இல்ல, சாப்பிடப் போறதும் நான் இல்ல. ஜன்னல் எல்லாம் சாத்தினேன். வாசக் கதவுக்குக் கீழ ஈரத் துணியைச் சுருட்டி வெச்சேன், வாசனை வெளிய போகக் கூடாதுன்னு. ஊற வெச்ச அரிசியை நிழல்ல விரிக்காம ஃபேனுக்கடியில போட்டேன். மெஷினுக்குக் கொண்டு போனா கேள்வி வரும்னு மிக்ஸியிலயே அரைச்சேன். பாகு கொதிக்குது, வெல்ல வாசனை தூக்குது, எனக்கோ காது பூரா வாசப் பக்கம். எதிர்ல யாரோ பேசற சத்தம் கேட்டதும் சட்டுன்னு இறக்கி மாவைக் கொட்டிட்டேன். மறுநாள் எடுத்துத் தட்டி எண்ணெயில போட்டா, என்னத்தைச் சொல்ல, பிரிஞ்சு போச்சும்மா. என் அதிரசம்! பூந்தி மாதிரி எண்ணெய் முழுக்கச் செதறுது. ரெண்டாவது போட்டேன். அதுவும் போச்சு.

என் கை தப்பல. அது காலம் தப்பின பாகு, அதான். ஆவணிப் பாகு எப்படிச் சேரும்? அம்மனுக்கே இஷ்டமில்ல.

அப்படியே நிக்கறேன், பின் கதவு தட்டற சத்தம். முன் கதவுக்குத் துணி வெச்சேன், பின் கதவை மறந்துட்டேன். வளர்மதி நிக்கறா. "அக்கா, வாசனை வந்துச்சு"ன்னா. அவ்வளவுதான். உள்ள வந்தா, வாணலியைப் பாத்தா, என்னைப் பாத்தா. சல்லடையில மீந்திருந்த மாவை எடுத்து, என் பாகு மாவுல கொஞ்சம் தூவிப் பிசைஞ்சா. நான் கத்துக் குடுத்த அதே வைத்தியம். இலையில தட்டினா, போட்டா. பூரி மாதிரி எழும்பி வந்துச்சு. அடுத்தது. அதுக்கடுத்தது. எனக்கு வாணலி கிட்ட நிக்கவே இடம் இல்ல. என் அடுப்பங்கரையில நான் ஓரமா நின்னு அவ கையைப் பாத்துக்கிட்டு இருந்தேன்.

எப்படி அவளுக்கு மட்டும் சேந்துச்சுன்னு கேக்காதீங்க. எனக்குத் தெரியாது.

போட்டு முடிச்சுக் கையைக் கழுவிட்டு, "சுபாவுக்குக் குடுங்கக்கா"ன்னு சொல்லிட்டுப் போயிட்டா. நான் ஒரு தட்டுல வெச்சு சுபாகிட்ட கொண்டு போனேன். "இந்தா கண்ணு, அத்தை உனக்காகச் சுட்டேன்." அவ ஒண்ணைப் பிட்டு வாயில போட்டா. கண்ணு விரிஞ்சுது. "அத்தை! அப்படியே வளர்மதி அக்கா அதிரசம் மாதிரியே இருக்கு!"

கேட்டுக்கிட்டீங்களா? மாதிரியே.

இதுல எனக்கு எது தாங்கலைன்னா, அவ யார்கிட்டயும் சொல்லல. நான் காத்திருந்தேன்மா. ஒரு வாரம் காத்திருந்தேன். சொல்லுவா, சம்பூர்ணம் அதிரசம் கரைஞ்சு போச்சு, நான் போயிக் காப்பாத்தினேன்னு தெரு பூரா சொல்லுவா, உடனே போயி வாசல்ல நின்னு கிழிச்சு எடுத்துடலாம்னு வார்த்தையெல்லாம் கூடத் தயார் பண்ணி வெச்சிருந்தேன். பாவி, ஒருத்திகிட்டயும் மூச்சு விடல. எதிர்ல பாத்தா அதே சிரிப்பு, அதே "என்னக்கா, சாப்டீங்களா?" சண்டை போடவும் வழியில்லாம பண்ணிட்டா. இப்படி ஒருத்தி எதிர் வீட்ல இருந்தா மனுஷி எப்படிம்மா நிம்மதியா இருக்கறது?

அப்புறம் அஞ்சாம் மாசம் பூ முடிச்சு, சம்பந்தியம்மா வந்து சுபாவை இட்டுக்கிட்டுப் போனாங்க. கொஞ்ச நாள் இருந்துட்டு வரட்டும்னு அனுப்பினேன். முந்தா நேத்து போன் பண்றா. "அத்தை, எப்ப வர்றீங்க? உங்களைப் பாக்கணும் போல இருக்கு." எனக்குக் கண்ணுல தண்ணியே வந்துடுச்சு. "நாளன்னிக்கே வர்றேன் கண்ணு, உனக்கு என்ன கொண்டாரட்டும்?"ன்னேன். "வரும்போது வளர்மதி அக்கா கடையில அதிரசம் வாங்கிட்டு வாங்கத்தை. இங்க எங்கயும் அந்த மாதிரி கிடைக்கல."

காஞ்சிபுரத்துல கிடைக்கலையாம். இத்தாம்பெரிய ஊர்ல.

என்ன பண்றது? வயித்துப் பிள்ளைக்காரி கேட்டுட்டா. இன்னிக்கு விடிஞ்சும் விடியாம, கடை தொறந்ததும் யாரும் வர்றதுக்கு முன்னாடி போயிடணும்னு முக்காட்டைப் போட்டுக்கிட்டுப் போனேன். எதிர்ல பத்தடிதான். அந்தப் பத்தடியை நான் நடந்தது எனக்குத்தான் தெரியும். கேக்கறதுக்கு முன்னாடியே அவ, "சுபாவுக்கா?"ன்னா. போன்ல அவகிட்டயும் பேசியிருக்கா அந்தப் பொண்ணு! எனக்கு முன்னாடி பேசினாளா, அப்புறம் பேசினாளான்னு கேக்க வாய் வந்துச்சு, அடக்கிக்கிட்டேன். சூடா எடுத்து, வாழை இலை போட்டு, அடுக்கி, கட்டித் தந்தா. காசு வேணாம்னா. நான் விடுவேனா, முறுக்கு டப்பா மேல வெச்சுட்டுத் திரும்பினேன்.

திரும்பினப்போ சொல்றா. "அக்கா, இந்த ஐப்பசியில தெரு முழுக்க நோன்பு அதிரசம் என்கிட்டத்தான் சொல்லியிருக்காங்க. அம்மாம் பாகை ஒண்ணாக் காய்ச்ச எனக்குப் பயமா இருக்கு. அன்னிக்கு நீங்க வந்து பக்கத்துல உக்காந்து, இறக்குன்னு சொல்லணும். நீங்க சொன்னாத்தான் நான் இறக்குவேன்."

அவளுக்குப் பயமாம். என் வாணலியில தட்டித் தட்டிப் போட்டவளுக்குப் பயமாம்! "எனக்கு அன்னிக்கு வேலை இருக்கு"ன்னு சொல்லிட்டு வந்துட்டேன். ஏன் சிரிக்கறீங்க? இருக்குமே வேலை. வீடுன்னா வேலை இல்லாமயா போயிடும்?

எங்க வந்திருக்கு பஸ்? செய்யாறு தாண்டிட்டமா? சரி. ஒரு உதவி பண்ணுங்க. இருங்க, முடிச்சை அவுக்கறேன். இந்தாங்க, ஒண்ணு எடுத்துக்கங்க. அட, எடுத்துக்கங்கம்மா, ஒண்ணு குறைஞ்சா ஒண்ணுமில்ல. சுபா கேட்டா வளர்மதிதான் குறைச்சுப் போட்டுட்டான்னு சொல்லிக்கறேன். நான் சத்தியம் பண்ணியிருக்கேன், நான் சாப்பிட முடியாது. நீங்க வெளியூரு. உங்களுக்கு அவளையும் தெரியாது, என்னையும் தெரியாது. சாப்பிட்டுப் பாத்து உள்ளது உள்ளபடி சொல்லுங்க. நல்லா இல்லைன்னா நல்லா இல்லைன்னே சொல்லலாம், நான் ஒண்ணும் நெனச்சுக்க மாட்டேன். சந்தோஷமாவே கேட்டுக்குவேன்.

அப்படி அவசரமா முழுங்காதீங்க, மென்னு பாருங்க.

பிட்டா நார் நாரா வருதா? உதிராம? ஓரம் மொறுமொறுன்னு, நடுவுல மெத்துன்னு? சுக்கு தூக்கலா இல்லையே? கொஞ்சம் கூட இல்லையா? பல்லுல ஒட்டுதா பாருங்க. ஒட்டல.

ம்.

அது என் பதம்மா. அப்படியே என் பதம். தண்ணியில உருட்டினா தட்டுல இடிச்சு 'டங்'குனு சத்தம் வரக் கூடாது, வழிஞ்சும் போகக் கூடாது, அதுக்கு நடுவுல ஒரு எடம் இருக்கு. அங்க இறக்கியிருக்கா. நான் காட்டின எடத்துலயே இறக்கியிருக்கா. கழுதை, ஒரு இம்மி மாத்தலை.

இன்னொண்ணா? வேணாம்மா, சுபாவுக்கு இருக்கட்டும். அப்புறம் நிஜமாவே குறைஞ்சுடும்.

என்ன? கடை எங்க இருக்குன்னா கேக்கறீங்க?

கேப்பீங்க. எல்லாரும்தான் கேக்கறாங்க. சரி, கேட்டுக்கங்க. ஆரணி பஸ் ஸ்டாண்டுல இறங்கி, நேரா வந்து, மாரியம்மன் கோயில் முக்குல திரும்பணும். அங்க வளர்மதி கடைன்னு கேக்காதீங்க, யாருக்கும் தெரியாது. சம்பூர்ணம் வீடு எதுன்னு கேளுங்க. குழந்தைகூட காட்டும். கடை அதுக்கு எதிர்ல.

ஆனா இப்ப வராதீங்க. ஐப்பசியில வாங்க, தீபாவளிக்கு முன்னாடி, பாகு காய்ச்சற அன்னிக்கு. அன்னிக்கு என் வீட்டுக் கதவு சாத்தியிருந்தா ஊருக்குப் போயிட்டேன்னு நெனச்சுத் திரும்பிடாதீங்க. எதிர்ல அடுப்புகிட்டதான் உக்காந்திருப்பேன்.